சிட்டுவின் வாய்க்கு ஒரு கடிவாளம்

2024 ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை காலை, போடிநாயக்கனூர்–தேவாரம் சாலையில் சிலமலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒன்பது வயதுப் பெண் குதிரை ஒன்றின் வாய் அளக்கப்பட்டது.

அளந்தவள் பிரிசில்லா. பிளஸ் டூ தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காரும். அந்த இடத்தில் ஒரு பருத்திக் கயிற்றைக் கொடுத்து, உதட்டோரம் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டாள். சிட்டு என்ற அந்தச் செவலைக் குதிரை கயிற்றை ஒருமுறை மென்று பார்த்துவிட்டு விட்டது.

"எவ்வளவு?" என்று கம்பி வேலிக்கு வெளியிலிருந்து கேட்டார் அவளுடைய அப்பா ஞானதுரை.

"அஞ்சு இஞ்ச்ப்பா."

"கூட ஒரு அரை இஞ்ச் வச்சுக்க. வளர்ற புள்ளைக்குத் துணி எடுக்கிற மாதிரி."

"ஒம்பது வயசாச்சு. இனி வாய் வளராது."

"உனக்கு பதினேழு ஆச்சு. வளந்துக்கிட்டுத்தான இருக்கு?"

ஞானதுரைக்குப் போடி பஜாரில் ஏலக்காய் மண்டி. குதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் மகள் சொல்லக் கேட்டதுதான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன், குச்சனூர் சுருளியாண்டியிடமிருந்து அதை வாங்கிக் கொடுத்தவர் அவரே. சுருளியாண்டி கோயில் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிறவர். சிட்டு அவரிடம் நான்கு வருஷம் வண்டி இழுத்தது. பந்தயக் குதிரைக்குப் போடும் முறுக்குக் கம்பி அதன் நாக்கோரத்தில் ஒரு தழும்பை விட்டிருந்தது. வாங்கி வந்த புதிதில் அதே கம்பியின் மேல் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள் பிரிசில்லா. குதிரை தலையை ஆட்டுவதை நிறுத்தியது. அன்றிலிருந்து ரப்பர் சுற்றிய கம்பியே சிட்டுவின் கடிவாளமாக இருந்தது.

இனிமேல் அது செல்லாது. கோயம்புத்தூரில் குதிரையேற்றப் பள்ளி நடத்தும் அனுசுயா, பிரிசில்லா அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துப் போனிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஜூன் மாதம் அங்கே நடக்க இருந்த டிரெஸ்ஸாஜ் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். டிரெஸ்ஸாஜில் வேகம் கிடையாது, தடை தாண்டுவது கிடையாது. ஓரங்களில் எழுத்துப் பலகை வைத்த செவ்வக மைதானத்துக்குள் குதிரை நடக்க வேண்டும், சிற்றோட்டம் ஓட வேண்டும், சொன்ன இடத்தில் வட்டம் போட வேண்டும், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். மேலே உட்கார்ந்திருப்பவர் கேட்பதை எவ்வளவு அமைதியாகச் செய்கிறது என்பதற்கு நடுவர் மார்க் போடுவார். பிரிசில்லா தோட்டத்தில் சுண்ணாம்புக் கோடு கிழித்து, பெயின்ட் வாளி மூடிகளில் எழுத்து எழுதி வைத்து அப்படி ஒரு மைதானம் போட்டிருந்தாள்.

கடிவாளத்தில் வாய்க்குள் போகும் இரும்பை 'பிட்' என்பார்கள். அதற்கு அந்தப் போட்டியின் விதிகள் கறாரானவை. வழவழப்பாக இருக்க வேண்டும். மேலே எதையும் சுற்றக் கூடாது. கம்பெனி செய்த வடிவத்தை மாற்றக் கூடாது. வளையத்தை ஒட்டிய இடத்தில் கனம் பதினான்கு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மீறினால் போட்டியிலிருந்து நீக்கம்.

நீக்கம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு தனி எடை இருந்தது. பிரிசில்லா ஜூலையில் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறாள். அனுசுயாவின் லாயத்தில் ஒரு குதிரைக்கு இடம் இருந்தது. ஆனால் ஒரு போட்டியையாவது ஒழுங்காக முடித்த குதிரை என்றால்தான் எடுத்துக்கொள்வேன், மற்றப் பிள்ளைகளையும் அதில் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். ஞானதுரை மகளை உட்கார வைத்துப் பேசினார்.

"முழுசா ஓடி முடிச்சிட்டு வா. மார்க் எவ்வளவுன்னு நான் கேக்கல. முடிச்சா குதிரை அங்கன உன்கூட இருக்கட்டும், தீவனச் செலவு என்னது. முடிக்கலேன்னா சுருளியாண்டி கேட்டுக்கிட்டே இருக்கான், அவன்கிட்டயே குடுத்திருவோம். ஆளில்லாத தோட்டத்துல அதைக் கட்டிப்போட்டு வேடிக்க பாக்க என்னால ஆகாது."

அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. பிரிசில்லாவுக்கு அது தெரியும். சுருளியாண்டியிடம் திரும்பிப் போனால் சிட்டுவின் வாயில் எது ஏறும் என்பதும் தெரியும்.

புது பிட் வாங்கும் பொறுப்பை ஞானதுரை தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"பதினாலு மில்லி கொறஞ்சபட்சம்னு சொல்றாகல்ல? அப்ப அது கடைசித் தரம்" என்றார். "காயில ஆறு மில்லியும் காய்தான், எட்டு மில்லியும் காய்தான். எட்டுக்கு மேல நிக்கிற பெரிய காய், அந்த போல்டுக்குத்தான் மதிப்பு. கனமான பிட்டுதான் வாய்க்குப் பூவா இருக்கும்னு கடைக்காரனும் சொல்றான்."

கடைக்காரன் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. மெல்லிய கம்பி ஒரே இடத்தில் அறுக்கும். தடித்தது அழுத்தத்தைப் பரப்பும். ஆகவே பெங்களூருக் கடையிலிருந்து இருபத்தொரு மில்லிமீட்டர் கனத்தில், நடுவில் ஒரு மூட்டு வைத்த, கெட்டியான எஃகு பிட் தேனிக்குப் பார்சலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஞானதுரை இரவில் காரில் திரும்பியபோது, கோடாங்கிபட்டி பக்கத்தில் தேர்தல் பறக்கும் படை மறித்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்த அதிகாரி, இரண்டு வளையமும் ஒரு தண்டுமாக இருந்ததை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னங்கய்யா இது?"

"குதிரை வாயில மாட்டுறது."

"குதிரை எந்தக் கட்சிக்குச் சின்னம்?"

"எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்லீங்க."

"அப்பக் கொண்டுபோங்க."

மறுநாள் சிட்டுவுக்கு அதைப் போட்டார்கள். வாய் மூடவில்லை. இரும்பு நாக்கை முழுவதும் நிறைத்து, மேலண்ணத்திலும் முட்டியது. சுற்றுக்கு இரண்டு முறை குதிரை வாயை அகலத் திறந்து, நாக்கை வெளியே இழுத்து, ஒரு பக்கமாகத் தொங்கவிட்டது. பிரிசில்லா இறங்கி வந்து பிட்டைத் தாங்கும் பட்டையை ஒரு துளை ஏற்றினாள், இறக்கினாள். ஒன்றும் மாறவில்லை.

"பழகிக்கும்" என்றார் ஞானதுரை.

அவர் பெங்களூருக்கு எத்தனை தடவை போன் போட்டார் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பிரிசில்லா. ஆகவே அடுத்த பத்து நாளும் அந்த பிட்டைப் போட்டுத்தான் ஓட்டினாள். குதிரை பழகவில்லை. உதட்டோரம் சிவந்து தோல் கன்றியது. பத்தாம் நாள் அங்கே எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா ஞானபாக்கியம் தோட்டத்துக்கு வந்திருந்தாள்.

"இந்தாங்க," என்று கணவனைக் கூப்பிட்டாள். "காய் போல்டா இருந்து, லிட்டர் படியில அளந்து நிறுத்தா வெயிட்டு இல்லேன்னா நீங்க எடுப்பீகளா?"

"எப்படி எடுக்கிறது? மேல தோல் பெருசா இருக்கும், உள்ள அரிசி இருக்காது."

"அதத்தான் குதிரையும் சொல்லுது. உங்க பிள்ள சொல்ல மாட்டா. குதிரைக்கு என்ன பயம்?"

ஞானதுரை சிவந்த உதட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பிட்டைக் கழற்றச் சொல்லி, துடைத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதைத் திருப்பி அனுப்பி வேறு வாங்குவது என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. அந்த ஊர்களில் யாருக்கும் எளிதில் வராது. மோட்டார் தண்டு தேய்ந்தாலும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் காற்றாடி ஆடினாலும், வெளிநாட்டு மிஷினின் பல் உடைந்தாலும் போகிற இடம் ஒன்றுதான். மறுநாளே தேனியில் கம்பம் சாலையில் இருந்த வினோத்ராஜின் லேத் பட்டறைக்குப் போனார்.

வினோத்ராஜுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பிட்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல எஸ்.எஸ்ஸு அண்ணாச்சி. இதைப் போய்க் கொறைக்கணுங்கிறீக."

"வாய் மூட மாட்டேங்குது."

"யாருக்கு, குதிரைக்கா? நம்ம வீட்டுலயும் ஒரு ஆளு இருக்கு, அளவு எடுத்துக்கிட்டு வரவா?"

"ஏலே, வேலையப் பாருய்யா."

வேலையை அவர் நன்றாகவே பார்த்தார். வளையங்களை வெட்டிக் கழற்றினார். தண்டின் இரண்டு பாதியையும் பிடிக்க மரத்தில் ஓர் அச்சு செய்தார். லேத்தில் கடைய முடிந்ததைக் கடைந்து, வளைவுகளை எமரி பெல்ட்டில் தேய்த்தார். நடுவில் பதினாறு மில்லிமீட்டர் வைத்தார். உதட்டோரம் கன்றுகிறது என்று ஞானதுரை சொல்லியிருந்ததால் இரண்டு முனைகளையும் இன்னும் கொஞ்சம் இறக்கினார். வளையங்களை மறுபடி வைத்து வெல்டிங் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் பிடித்துக் கொடுத்தார்.

சிட்டு அதை வாங்கிக்கொண்டது. முதல் சுற்றிலேயே வாயை மூடி, நாக்கை உள்ளே வைத்து, கழுத்தை நீட்டி நடந்தது. இரண்டாம் நாள் உதட்டில் வெள்ளை நுரை கட்டியது. குதிரை தாடையை இளக்கி விட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சிற்றோட்டத்திலிருந்து நடைக்கு இறங்கும்போது, கடிவாள வாரை இழுக்க வேண்டியிருக்கவில்லை. விரல்களை மூடினாலே போதும் என்றிருந்தது. பிரிசில்லா வீடியோ எடுத்து அனுப்பினாள்.

அரை மணியில் அனுசுயா கூப்பிட்டார். "என்ன கண்ணு பண்ணுனே? இது அதே குதிரையா?"

"பிட் மாத்துனோம் மேம்."

"என்ன பிட்டு? போட்டோ போடு."

போட்டோ போனது. இந்த முறை அழைப்பு வரக் கொஞ்சம் நேரமானது.

"வளையத்துல வெல்டிங் தெரியுது. ஆரு பண்ணுனாங்க?"

பிரிசில்லா சொன்னாள். வெர்னியர் காலிபர் இருந்தால் வளையத்தை ஒட்டிய இடத்தை அளக்கச் சொன்னார் அனுசுயா. மண்டியில் ஒன்று இருந்தது. அளந்தபோது பதின்மூன்று புள்ளி இரண்டு வந்தது.

"வேலை சுத்தமாத்தான் இருக்குது. ஆனா செல்லாதுங்க கண்ணு" என்றார் அனுசுயா. "கனமும் பத்தாது, கம்பெனி உருப்படியும் இல்ல. ஓடி முடிச்சு வெளிய வந்ததும் ஒருத்தர் கையுறை போட்டுக்கிட்டு நிப்பாரு. வாய்க்குள்ள விரல விட்டுத் தடவிப் பார்ப்பாரு. சந்தேகம் வந்தா கழட்டச் சொல்லுவாரு. அப்புறம் நீக்கம்தான்."

அன்று மாலை ஞானதுரையிடம் அவள் இதைச் சொன்னபோது, அவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் கேட்டார்.

"இந்த விதிய எதுக்கு வச்சிருக்காக? குதிரைக்கு வலிக்கக் கூடாதுன்னுதான?"

"ஆமாப்பா."

"கடைஞ்ச பிட்டுல வலிச்சுச்சா?"

"இல்ல."

"கடையாத பிட்டுல?"

"வலிச்சுச்சு."

"அப்ப விதிப்படி இருந்ததுல வலிச்சுச்சு, விதிய மீறுனதுல வலிக்கல. அந்த மனுசன் விரல விட்டுப் பாத்தா வழவழன்னு இருக்கப்போகுது, சந்தேகமே வராது. அதையே போடு."

சந்தேகம் வராமலும் போகலாம். வந்தால் சிட்டு போய்விடும். வராவிட்டால், பிரிசில்லா முடித்ததாகச் சொல்லிக்கொள்வது எதை? இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லும்படியாக வாக்கியமாக்க அவளுக்கு வரவில்லை. "பாப்பம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் மண்டிக்குப் போனாள். முன்பக்கத்தில் பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, மண்டியில் பல வருஷமாக வேலை பார்க்கும் தங்கப்பாண்டி, மின் தராசைக் கவிழ்த்துப் போட்டு ஸ்குரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அதே நேரத்தில் ஞானதுரையும் ஏல மையத்திலிருந்து வந்து நுழைந்தார்.

"என்ன தங்கப்பாண்டி செய்யிற?"

"நம்பர் கண்ணடிச்சுக்கிட்டே கெடந்துச்சு அண்ணாச்சி. உள்ள ஒரு ஒயரு லூசு. அமுக்கி விட்டேன். இப்பப் பாருங்க." தராசை நிமிர்த்தி, படிக்கல்லைத் தூக்கி வைத்தார். "இருவது கிலோ கல்லு, இருவதுதான் காட்டுது. ஒரு கிராம் பெசகல."

"முத்திரை எங்க?"

தராசின் அடி மூடியில் மெல்லிய கம்பி கோர்த்து ஈய வில்லை ஒன்று வைத்து நசுக்கியிருப்பார்கள். எடையளவுத் துறையினர் ஆண்டுக்கொரு முறை சோதித்து வைப்பது. தங்கப்பாண்டி மேசை ஓரத்தைக் காட்டினார். அறுந்த கம்பியோடு வில்லை கிடந்தது.

"அத அறுத்தாத்தான மூடி கழலும்."

"அறிவிருக்காய்யா உனக்கு?"

"எட சரியாத்தான அண்ணாச்சி காட்டுது? முன்னைக்கு இப்பத்தான் நல்லாக் காட்டுது."

"சரியாக் காட்டுதுன்னு நீ சொன்னா ஆச்சா, நான் சொன்னா ஆச்சா? நம்ம தராச நாமளே சரின்னு சொல்லிக்கிறதுக்கு முத்திரை எதுக்கு? வெளியாள் பாத்து, இது சரின்னு ஒப்புக்கிட்டதுக்குத்தான அது. நாளைக்குக் கேரளாவுல இருந்து வண்டன்மேட்டுக்காரன் காயக் கொண்டாந்து வச்சிட்டு, 'சேட்டா, சீல் எவிடே'ன்னு கேட்டா, எட சரியாத்தான் இருக்கு, வேணும்னா நீ கண்ணால பாத்துக்கன்னா சொல்லுவேன்? அறுத்ததுக்கு அப்பறம் அது..."

அவர் நிறுத்தினார்.

பிரிசில்லா மேசைமேல் தூக்கை வைத்து அடுக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. முதலாளி ஏன் பாதியில் நிறுத்தினார் என்று தெரியாமல் தங்கப்பாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தராசைத் தூக்கி ஓரமாக வைத்து, அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

ஞானதுரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "அந்த மேடத்துக்குப் போன் போடு" என்றார்.

"வணக்கம் மேடம். ஞானதுரை பேசுறேன், பிரிசில்லா அப்பா. லேத்துல கடைஞ்சது வேணாம். பதினாறு மில்லியில குதிரை வாய மூடுதுங்கிறது இப்பத் தெரியுது. விதிக்கும் ஒத்து, குதிரைக்கும் ஒத்து வர்ற மாதிரி எது இருக்கு?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க, குதிரைதான் சொல்லணும்" என்றார் அனுசுயா. "எங்கிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்குது. அத்தனையும் கம்பெனி சரக்கு. போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடியே குதிரைய ஏத்திட்டு வந்துருங்க. ஒண்ணொண்ணாப் போட்டுப் பார்க்கலாம்."

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு சுருளியாண்டி டி.வி.எஸ். எக்ஸலில் தோட்டத்துக்கு வந்தார். சாரலுக்கு முந்தைய காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கி, எழுத்து எழுதிய வாளி மூடிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. அவர் நேராகச் சிட்டுவிடம் போய் அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டார். குதிரை அவருடைய சட்டைப் பையை மோந்தது.

"என்ன ஆத்தா, பந்தயத்துக்குப் போறாப்புல?"

"பந்தயம் இல்லண்ணே. போட்டி."

"யாரு முந்துறா, யாரு பிந்துறான்னு இல்லாம அது என்ன போட்டி? சரி, உங்க அப்பா எல்லாஞ் சொன்னாக. புள்ள தோத்தா எனக்குக் கெடைக்கும். அதுக்காக நான் வேண்டிக்கல, தெரிஞ்சுக்க. எங்க ஊர்ச் சாமி சனீஸ்வரன். அவர்கிட்டப் போயி ஒருத்தருக்குக் கெடுதல் வேண்டுனா, யாரு பக்கம் திரும்பிப் பாப்பாருன்னு சொல்ல முடியாது."

கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டியிருந்த லேத் பிட் அவர் கண்ணில் பட்டது. எடுத்து, விரலால் நீளவாக்கில் தடவினார்.

"இதுல முறுக்கே காணோமே. இதுக்குக் குதிரை நிக்குமா?"

"இதுக்கு நின்னுச்சு. இழுக்காம விரல மூடுனாலே நின்னுச்சு."

"பின்ன ஏன் ஆணியில தொங்குது?"

"எங்க போட்டிக்குச் செல்லாது."

"எங்க பந்தயத்துல ஒருத்தன் வாயப் பாக்க மாட்டான். குடு, கொண்டுபோறேன். புதுசா ஒரு ஆண் குதிரை வாங்கியிருக்கேன், கம்பியக் கண்டாலே பின்னுக்குப் போகுது."

அவள் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். கொடுக்கச் சொன்னார். சுருளியாண்டி அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் முதல் தேதி சிட்டுவை ஒரு ஈச்சர் வண்டியில் ஏற்றினார்கள். வெயிலுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று விடியுமுன் கிளம்பினார்கள். கெங்குவார்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது வண்டிக்குள் குதிரை வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எந்தக் கோயில் குதிரை என்று கேட்டார்கள்.

அனுசுயாவின் பெட்டியிலிருந்து மூன்று பிட்டுகள் தேறின. முதலாவது பதினாறு மில்லிமீட்டர், நடுவில் ஒரே மூட்டு. லேத் பிட்டின் அதே அளவு, அதே அமைப்பு. முனைகள் மட்டும் தடிமன். அதையே எல்லாரும் நம்பியிருந்தார்கள். நடையில் சிட்டு அதை ஏற்றது. சிற்றோட்டத்தில் தலையைத் தூக்கி, உதட்டோரத்தைச் சுருக்கி மறுத்தது. வினோத்ராஜ் முனைகளை இறக்கியதுதான் அதற்குப் பிடித்திருந்தது என்பது அப்போது தெரிந்தது. விதி அளக்கிற இடமும் அந்த முனைதான்.

இரண்டாவது மூட்டே இல்லாத, வளையும் செயற்கைப் பொருளாலானது. பார்க்க மென்மையாக இருந்தது. அதைப் போட்டதும் குதிரையின் வாய் முழுதாக மூடிக்கொண்டது, தலை ஆடவில்லை. ஞானதுரை, "இதேதான்" என்றார். பிரிசில்லா இரண்டு நாள் அதில் ஓட்டினாள். மூன்றாம் நாள் இறங்கி வந்து வேண்டாம் என்றாள்.

"ஏம் பாப்பா? வாய் மூடித்தான இருக்கு?"

"மேல சாஞ்சுக்கிட்டு வருதுப்பா. முழு வெயிட்டையும் என் கையில போடுது. நான் கேக்கிறது அதுக்குக் கேக்கவே இல்ல. நிறுத்தணும்னா சுருளி அண்ணன் மாதிரி இழுக்கணும்."

"நீக்கம் ஆகாதுல்ல? முடிச்சிரலாம்ல?"

"முடிச்சிரலாம்."

"அப்பறம் என்ன?"

"போட்டி அஞ்சு நிமிசம். அப்பறமும் இதைத்தான நான் போட்டு ஓட்டணும்?"

ஞானதுரை அனுசுயாவைப் பார்த்தார். அனுசுயா குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பிட்டில் இரண்டு மூட்டுகள், நடுவில் நாக்கின் மேல் படியும் அவரை விதை அளவுக்கு ஒரு துண்டு. கனம் பதினான்கு, விதி அனுமதிக்கும் கடைசி அளவு. நாக்குத் தழும்பு உள்ள பக்கம், வலது வட்டத்தில், சிட்டு இரண்டொரு முறை தலையை உதறியது. வாயை ஒரு விரல் அளவு திறந்து மறுபடி மூடியது. ஆனால் விரல்களை மூடினால் நின்றது. விட்டால் கழுத்தை நீட்டியது. பிரிசில்லா அதை எடுத்துக்கொண்டாள்.

"தல ஒதறுதே, மார்க் போகுமே" என்றார் ஞானதுரை.

"போகும்."

போடியிலிருந்து வரும்போதே மண்டி வெர்னியரை அவர் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பிட்டைக் கழுவி, வளையத்தை ஒட்டி இரண்டு பக்கமும் அளந்தார். இடது பக்கம் பதினான்கு புள்ளி ஒன்று. வலது பக்கமும் அதேதான். இன்னொரு முறை அளந்தார். "பதினாலுங்கிறது பதினாலும் சேத்தா, பதினாலுக்கு மேலயா?" என்று அனுசுயாவிடம் கேட்டார். சேர்த்துத்தான் என்றார் அவர். "எழுத்துல இருக்கா?" என்றார் ஞானதுரை. அனுசுயா விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அப்போதும் முழு நம்பிக்கை வராமல், போட்டிக்கு முந்தைய மாலை பிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கடிவாளங்களைச் சோதிக்கும் மேற்பார்வையாளரைத் தேடிப் போய்விட்டார் அவர். மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் அளவியை வைத்து அளந்து, செல்லும் என்றார்.

"நாளைக்குக் குதிரை வாயில வச்சும் பாப்பீகளா?"

"பார்ப்போம் சார். அது எல்லாருக்கும் உண்டு."

"பாக்கணும்" என்றார் ஞானதுரை.

ஜூன் 8 சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிரிசில்லா மைதானத்துக்குள் நுழைந்தாள். வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. சிட்டு நடுக்கோட்டில் நேராக வந்து நின்றது. பின்கால் ஒன்று சற்றுத் தள்ளி இருந்தது. இடது வட்டம் ஒழுங்காக வந்தது. வலது வட்டத்தில் பாதி தூரம் போனதும் தலையை உதறியது, சிற்றோட்டம் இரண்டு எட்டுக்கு முறிந்து நடையாகி மறுபடி ஓட்டமானது. அவள் வாரை இழுக்கவில்லை. நீள நடையில் குதிரை மூக்கை மண்ணை நோக்கி நீட்டிக்கொண்டு மூலையிலிருந்து மூலைக்குப் போனது. கடைசி நிறுத்தத்தில் நான்கு காலும் சேர்ந்து நின்றது.

வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் கையுறை மாட்டிக்கொண்டு குதிரையின் உதட்டை விலக்கினார். பிட்டின் இரண்டு முனைகளையும் விரலால் தடவினார். உதட்டோரத்தைப் பார்த்தார், புண் இல்லை. தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த குதிரையிடம் போனார். ஞானதுரை கயிற்றுக்கு வெளியே நின்று அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

"முடிச்சிட்டா" என்றார். "ஆமா. பாத்தாக. சரின்னுட்டாக."

மதியம் முடிவுகள் ஒட்டினார்கள். சிட்டுவுக்கு ஐம்பத்தெட்டு சதவீதம். பதினொரு குதிரைகளில் ஏழாவது இடம். நடுவர் குறிப்பில், 'வலப்புறம் வாய்க்கும் கைக்கும் தொடர்பு நிலையாக இல்லை. வாய் அமைதி' என்று எழுதியிருந்தது. மூன்று மணிக்கு அனுசுயாவின் லாயத்தில் சிட்டுவுக்கு இடம் ஒதுக்கினார்கள். ஈச்சர் வண்டி வெறுமையாகப் போடிக்குத் திரும்பியது.